தோள்வலி

தமிழில் ‘வலி’ என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. வலிமை என்பது ஒன்று. நோவு என்பது மற்றொன்று. பழைய நூல்களில் ‘தோள்வலி’ என்று வரின், அது வீரனுடைய தோளாற்றலையே குறிக்கும். இன்று ஒருவர் தமக்குத் ‘தோள்வலி’ என்று கூறினால், அவர் நோவினால் வருந்துகின்றார் என்றே நாம் உணர்கின்றோம். ஒன்றற்கொன்று முரணான இவ்விரு பொருள்களும் எடை தூக்கிப் பயிலும் இளைஞரிடத்தில் மிக நெருங்கி வாழ்கின்றன. வலிமையை விரும்பிச் செல்பவர் அளவை மறப்பின் நோவை அடைகின்றனர். நோவின் காரணத்தை அறிந்து அதற்கேற்ப நடப்பவர் மீண்டும் வலிமையை அடைகின்றனர். இவ்வுண்மையை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

எடை தூக்கி உடலை வளர்ப்பது நம் நாட்டுக்குப் புதியது அன்று. தென்மாவட்டச் சிற்றூர்கள் சிலவற்றில் ஊர்ப் பொதுவிடத்தில் உருண்டையான பெருங்கல் ஒன்று கிடப்பதைக் காணலாம். அதற்கு ‘இளவட்டக்கல்’ என்பது பெயர். அதனைத் தூக்கித் தோளில் ஏற்றிப் பின்புறம் எறியும் இளைஞனை ஊரார் வீரன் எனப் போற்றினர். அவனுக்குப் பெண் கொடுக்கவும் முன்வந்தனர் என்பர். பொங்கல் விழாவில் இக்கல்லைத் தூக்கும் போட்டி இன்றும் சில ஊர்களில் நடைபெறுகின்றது. மல்லர் பயின்ற களங்களில் தண்டால், பஸ்கி ஆகியவற்றுடன் கர்லாக்கட்டை சுழற்றுவதும் வழக்கமாய் இருந்தது. இப்பொழுது நகரங்களிலும் சிற்றூர்களிலும் உடற்பயிற்சிக் கூடங்கள் பெருகியுள்ளன. இரும்புத் தண்டின் இருபுறமும் எடைகளைப் பூட்டித் தூக்கும் பயிற்சியை ஆடவரும் பெண்டிரும் விரும்பி மேற்கொள்கின்றனர். இது மகிழத்தக்கதே. எடைப்பயிற்சி தசையை வளர்ப்பதோடு எலும்பையும் உறுதியாக்குகின்றது. முதுமையில் தளர்ச்சி விரைந்து வாராமல் காக்கின்றது. ஆனால், இப்பயிற்சியில் ஈடுபடுவோர் அடிக்கடி முறையிடும் நோவுகளுள் தோள்நோவும் ஒன்று. அதன் காரணம் யாது என்பதை அறிய வேண்டுமாயின், முதற்கண் தோளின் அமைப்பை அறிதல் வேண்டும்.

தோளின் அமைப்பு

நம் உடலில் உள்ள மூட்டுகளுள் மிகுதியாக அசையும் ஆற்றல் பெற்றது தோள்மூட்டே. கையை முன்னே நீட்டலாம், பின்னே கொண்டு செல்லலாம், தலைக்குமேல் உயர்த்தலாம், வட்டமாகச் சுழற்றலாம். இத்தகைய உரிமையை இயற்கை தோளுக்கு இலவசமாகத் தரவில்லை. அதற்கு ஈடாக உறுதியில் ஒரு பகுதியைத் தோள் இழந்துள்ளது.

இடுப்பு மூட்டைத் தோள் மூட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இது நன்கு விளங்கும். இடுப்பில் தொடை எலும்பின் தலை ஆழமான குழியினுள் அமர்ந்திருக்கின்றது. கிண்ணத்துள் வைத்த பந்தைப் போல அது எளிதில் வெளியேறாது. தோளிலோ மேற்கை எலும்பின் தலை பெரிது, அது பொருந்தும் குழி சிறிது, ஆழமும் குறைவு. தட்டையான சிறு தட்டின்மேல் வைத்த எலுமிச்சம்பழத்தைப் போல அந்த எலும்பு நிற்கின்றது. எலும்புத் தலையின் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோதான் ஒரு நேரத்தில் குழியைத் தொடும். உடலில் அடிக்கடி பிசகி விலகும் பெரிய மூட்டு தோள்மூட்டாக இருப்பதற்கு இதுவே காரணம்.

எலும்பு தராத உறுதியைத் தசைகள் தருகின்றன. தோளைச் சூழ்ந்து நான்கு சிறு தசைகள் உள்ளன. இவை தோள்பட்டை எலும்பில் தோன்றி, மேற்கை எலும்பின் தலையைச் சட்டையின் கைப்பட்டி மணிக்கட்டைச் சுற்றுவது போலச் சுற்றிப் பற்றுகின்றன. இவற்றைச் சுழற்றுத் தசைகள் என்று அழைக்கலாம். தசை எலும்போடு சேரும் இடத்தில் கயிறு போன்று உறுதியாக அமைந்த பகுதிக்குத் தசைநாண் என்பது பெயர். நாம் கையை உயர்த்தும் பொழுதெல்லாம் இந்நான்கு தசைகளும் எலும்புத் தலையைக் குழியின் நடுவிலேயே இழுத்து நிறுத்துகின்றன. தோளின் மேற்புறத்தில் திரண்டு தோன்றும் பெருந்தசை கையை உயர்த்துகின்றது. உள்ளே மறைந்திருக்கும் சிறு தசைகள் அது வழிதவறாமல் காக்கின்றன. தேரை இழுப்போர் பலர். சக்கரத்தின் அடியில் கட்டையிட்டு அதனை நெறிப்படுத்துவோர் சிலர். அச்சிலர் இல்லையேல் தேர் தெருவில் நேராகச் செல்லாது. தோளிலும் நிலைமை அதுவே.

மற்றொன்றும் கருதத்தக்கது. கையைத் தலைக்குமேல் முழுவதும் உயர்த்தும்போது, அவ்வசைவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தோள்மூட்டில் நிகழ்கின்றது; எஞ்சிய ஒரு பங்கு தோள்பட்டை எலும்பு முதுகின்மேல் சுழல்வதால் நிகழ்கின்றது. ஆகவே, முதுகுத் தசைகள் தளர்ந்து, தோள்பட்டை தன் பங்கைச் செய்யத் தவறுமாயின், அச்சுமையும் தோள்மூட்டின்மேலேயே விழும்.

சுழற்றுத் தசைகள் நான்கனுள் மேலே உள்ளது, தோள்முகடு என்னும் எலும்புக் கூரையின்கீழ் ஒரு குறுகிய வழியாகச் செல்கின்றது. கூரைக்கும் தசைநாணுக்கும் இடையே உராய்வைக் குறைப்பதற்காக வழவழப்பான சிறு பை ஒன்றும் உள்ளது. தோள்நோவு பெரும்பாலும் இவ்விடத்தைச் சார்ந்தே எழுகின்றது.

நோவு தோன்றும் வகை

ஓர் இளைஞன் உடற்பயிற்சிக் கூடத்தில் புதிதாகச் சேர்கின்றான் எனக் கொள்வோம். முதல் வாரத்தில் வெறுந்தண்டைத் தூக்குகின்றான். நாள்தோறும் ஆர்வம் பெருகுகின்றது, எடையும் பெருகுகின்றது. இரண்டு திங்களில் அவன் மார்பு விரிகின்றது, கை திரள்கின்றது, நண்பர் புகழ்கின்றனர். மூன்றாம் திங்களில் ஒரு நாள், சட்டை அணியக் கையை உயர்த்தும்போது தோளின் முன்புறத்தில் சுருக்கென்று நோவு எழுகின்றது. கீழே விழவும் இல்லை, அடிபடவும் இல்லை. பின் நோவு எங்கிருந்து வந்தது என்று அவன் திகைக்கின்றான்.

அதன் விடை தசைக்கும் தசைநாணுக்கும் உள்ள வேறுபாட்டில் இருக்கின்றது. தசையில் குருதி ஓட்டம் மிகுதி. ஆதலால், அது சில வாரங்களிலேயே வலுப்பெறுகின்றது. தசைநாணில் குருதி ஓட்டம் குறைவு. அது வலுப்பெறப் பல திங்கள் ஆகும். இளைஞனின் தசை ‘இன்னும் தூக்குவேன்’ என்கின்றது. தசைநாணோ அதற்கு இன்னும் ஆயத்தமாகவில்லை. வண்டியில் வலிய காளைகளைப் பூட்டிப் பழைய கயிற்றால் கட்டியது போன்ற நிலை இது. காளையின் வலிமை மிகுந்தால் கயிறு நைந்துபோகும் அன்றோ?

இரண்டாவது காரணம், ஒருபுறப் பயிற்சி. இளைஞர் பலர் கண்ணாடியில் தெரியும் தசைகளையே வளர்க்க விரும்புகின்றனர். மல்லாந்து படுத்து எடையை மேலே தள்ளும் ‘பெஞ்ச் பிரஸ்’ என்னும் பயிற்சியை வாரத்தில் மூன்று நாள் செய்வர். எடையைத் தம்மை நோக்கி இழுக்கும் பயிற்சியை ஒரு நாளும் செய்யார். இதனால் மார்புத் தசைகள் இறுகித் தோளை முன்னோக்கி இழுக்கின்றன. முதுகுத் தசைகளும் சுழற்றுத் தசைகளும் அதற்கு ஈடுகொடுக்க இயலாமல் சோர்கின்றன.

மூன்றாவது காரணம், முறை தவறிய பயிற்சி. படுத்து எடையைத் தள்ளும்போது முழங்கைகளைத் தோளுக்கு நேராக அகல விரித்தல், மார்பில் படும்படி தண்டை விசையோடு வீழ்த்துதல், தோள்களில் போதிய நெகிழ்ச்சி இல்லாதவர் கழுத்துக்குப் பின்புறமாக எடையை இறக்கி ஏற்றுதல் ஆகியவை தோள்மூட்டை அதன் எல்லை வரையில் நெருக்குகின்றன. ஆண்டுக்கணக்கில் பெரும் எடையைத் தள்ளுவோர்க்குக் காறையெலும்பின் புறநுனி தேய்ந்து நோவு தருவதும் உண்டு. ‘பளுதூக்குவோர் தோள்’ என்றே மருத்துவர் அதற்குப் பெயரிட்டுள்ளனர்.

நான்காவது காரணம், ஓய்வின்மை. பயிற்சியின்போது தசை வளர்வதில்லை; பயிற்சிக்குப் பின் உண்ணும் உணவினாலும் உறங்கும் உறக்கத்தினாலுமே அது வளர்கின்றது. ஓய்வைத் திருடிப் பயிற்சியில் சேர்ப்பவன், விதைநெல்லை எடுத்து உண்பவனை ஒத்தவன்.

நோவின் மொழி

நோவு நம் பகை அன்று. அது நம் உடல் அனுப்பும் தூது. தூதின் சொல்லைக் கேளாமல் போரிடுவோரும் உளர். தூதைக் கண்ட அளவிலேயே கோட்டையை விட்டு ஓடுவோரும் உளர். இருவரும் தவறு செய்கின்றனர். தூதின் செய்தியை அமைதியாகக் கேட்பதே அறிவுடைமை.

எடைப்பயிற்சி செய்த மறுநாள் தசை முழுவதும் பரவலாக வலித்து, இரண்டு மூன்று நாளில் தணியுமாயின், அஃது இயல்பானது. தோளின் முன்புறத்திலோ வெளிப்புறத்திலோ ஓரிடத்தில் கூர்மையாக நோதல், கையைப் பக்கவாட்டில் உயர்த்தும்போது நடுவழியில் மட்டும் நோவு மிகுதல், இரவில் அப்பக்கமாகப் படுக்க இயலாமை ஆகியவை சுழற்றுத் தசைகளின் நாண்கள் வருந்துவதைக் காட்டும் அடையாளங்கள்.

சில அடையாளங்களைக் கண்டால் சிறிதும் காலம் தாழ்த்தலாகாது. எடை தூக்கும்போது ‘பட்’டென்று ஒலி எழுந்து கை உயர்த்த இயலாமற் போதல், தோளின் வடிவமே மாறித் தோன்றுதல், கை மரத்துப்போதல், காய்ச்சலோடு மூட்டுச் சிவந்து வீங்குதல் ஆகிய இவை தோன்றின், அன்றே மருத்துவரை அடைதல் வேண்டும். இடத்தோளில் நோவுடன் மார்பு இறுக்கமும் வியர்வையும் மூச்சுத் திணறலும் சேருமாயின், அது தோளின் நோயாக இல்லாமல் இதயத்தின் நோயாகவும் இருக்கலாம். அந்நிலையில் நொடியும் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும். மூட்டுப் பிசகியது என்று கருதி, அதனை அறியாதார் பிடித்து இழுக்க விடுவதும் தீது. எலும்பு முறிந்திருப்பினும், நரம்பு நெரிந்திருப்பினும் அவ்விழுப்பு பெருந்தீங்கை விளைவிக்கும்.

தீர்க்கும் முறை

தோள் நொந்தவுடன் முதலில் செய்யத்தக்கது சுமையைக் குறைத்தலே. நோவு தரும் பயிற்சியைச் சில நாள் நிறுத்துதல் வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள்களில் பனிக்கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து அல்லது பதினைந்து நிமிடம் ஒத்தடம் கொடுத்தால் நோவு தணியும். பின்னர் வெந்நீர் ஒத்தடம் இதம் தரும். நோவு நீக்கும் மாத்திரைகளை மருத்துவர் சொற்படியே உண்ணல் வேண்டும். மாத்திரையை உண்டு, நோவை மறைத்துக்கொண்டு மீண்டும் எடையைத் தூக்குவது, தீப்பற்றிய வீட்டில் மணியோசையை மட்டும் நிறுத்துவதற்கு ஒப்பாகும்.

ஆனால், ஓய்வு என்பது அசையாமை அன்று. கையைத் தூளியில் கட்டிப் பல வாரம் வைத்திருந்தால் மூட்டு இறுகிப்போகும். எனவே, தொடக்கத்திலிருந்தே மென்மையான அசைவு வேண்டும். இதற்குத் தக்க எளிய பயிற்சி ஒன்று உண்டு. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் வாழ்ந்த எர்னஸ்ட் அமரி காட்மன் என்னும் அறுவை மருத்துவர், தோளின் நோய்களை ஆராய்வதில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர். அவர் 1934-ஆம் ஆண்டில் ‘தோள்’ என்னும் பெயரிலேயே ஒரு நூலை வெளியிட்டார். நோயாளி முன்னோக்கிக் குனிந்து, நல்ல கையை மேசையில் ஊன்றி, நோவுள்ள கையைத் தளர்வாகத் தொங்கவிட்டுக் கடிகாரத்தின் ஊசற்குண்டு போல மெல்ல அசைக்கும் பயிற்சி இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது. தசைக்கு உழைப்பைத் தாராமல், கையின் எடையே மூட்டை நெகிழச் செய்வது இதன் சிறப்பு.

நோவு சற்றுக் குறைந்ததும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சிகளைத் தொடங்கலாம். முதலில், முழங்கையை விலாவோடு சேர்த்து மடக்கிச் சுவரின் பக்கமாக நின்று, புறங்கையால் சுவரை மெல்ல அழுத்திப் பத்து எண்ணும்வரை நிற்றல் வேண்டும். இதில் மூட்டு அசைவதில்லை. தசை மட்டும் உழைக்கின்றது. அடுத்து, ரப்பர்ப் பட்டை ஒன்றைக் கதவின் கைப்பிடியில் கட்டி, முழங்கையை விலாவிலிருந்து எடுக்காமல் முன்கையை வெளிப்புறமாக இழுத்தல் வேண்டும். பத்து முதல் பதினைந்து முறை செய்து, சற்று ஓய்ந்து, மீண்டும் செய்யலாம். வாரத்திற்கு மூன்று நாள் போதும். இதனோடு, பட்டையைத் தன்னை நோக்கி இழுத்துத் தோள்பட்டைகளைப் பின்னே சேர்க்கும் பயிற்சியையும், சுவரில் கையூன்றிச் செய்யும் தண்டாலையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பயிற்சியின்போது சிறிதளவு நோவு தோன்றினால் அஞ்ச வேண்டுவதில்லை. அது தாங்கத்தக்கதாய் இருந்து, மறுநாட் காலைக்குள் தணியுமாயின், அன்றைய அளவு பொருத்தமானது என்று கொள்ளலாம். மறுநாள் நோவு மிகுமாயின், அளவு மிகுந்தது என்பது பொருள், குறைத்துக்கொள்ளல் வேண்டும். இவ்வாறு ஆறு வாரம் முதல் பன்னிரண்டு வாரம் வரை பொறுமையோடு பயில்வோருள் பெரும்பாலோர் நலம் பெறுகின்றனர். இயன்முறை மருத்துவர் ஒருவரின் மேற்பார்வையில் இவற்றைச் செய்வது மிக நன்று.

நொந்த உறுப்புக்கு எடைப்பயிற்சியே மருந்தாகும் என்னும் கருத்து ஒரு காலத்தில் மருத்துவருக்கே வியப்பை அளித்தது. இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற அமெரிக்க வீரர் பலர் மருத்துவமனைகளில் நெடுநாள் கிடந்தனர். அவர்களுக்கு இலேசான அசைவுகளே ஏற்றவை என்று அக்காலத்தார் கருதினர். தாமஸ் டிலார்ம் என்னும் இளம் இராணுவ மருத்துவர், வீரர்கள் தாங்கும் அளவறிந்து எடையைக் கொடுத்து, அவர்கள் வலுப்பெறப் பெற அதனைச் சிறிது சிறிதாகக் கூட்டினார். தசைகள் விரைந்து தேறின. அவர் 1945-ஆம் ஆண்டில் தம் முறையை எழுதி வெளியிட்டார். அவர் தாமும் இளமையில் நோயுற்று, பின்னர் எடைப்பயிற்சியால் உடலைத் தேற்றிக்கொண்டவர். இன்று உலகெங்கும் உள்ள இயன்முறை மருத்துவத்தில் அவர் முறையின் சாயல் காணப்படுகின்றது.

அறுவை மருத்துவம் இந்நோவைத் தீர்க்காதா என்று சிலர் கேட்கலாம். தோள்முகட்டின் அடிப்புறத்தைச் சிறிது செதுக்கி, தசைநாண் செல்லும் வழியை அகலமாக்கும் அறுவை முறை பல ஆண்டுகளாக மிகுதியாகக் கையாளப்பட்டது. பிரிட்டனிலும் பின்லாந்திலும் நடந்த ஆராய்ச்சிகள் 2018-ஆம் ஆண்டில் வெளிவந்தன. நோயாளிகளுள் ஒரு சாரார்க்கு எலும்பைச் செதுக்கினர். மற்றொரு சாரார்க்குத் தோலைத் துளைத்துக் கருவியால் உள்ளே நோக்கியதோடு நிறுத்திக்கொண்டனர். இரு சாராரும் ஏறத்தாழ ஒரே அளவில் நலம் பெற்றனர். எலும்பைச் செதுக்கியதால் தனியான பயன் விளையவில்லை என்பது இதனால் புலப்பட்டது. அடிபட்டுத் தசைநாண் அறுந்தவர்க்கும், மூட்டு மீண்டும் மீண்டும் பிசகுபவர்க்கும் அறுவை மருத்துவம் தேவைப்படலாம். ஏனையோர்க்கு முதல் மருந்து முறையான பயிற்சியே.

வீராங்கனை ஒருவரின் வரலாறு

மேற்கூறியவற்றுக்குச் சான்றாக நம் நாட்டு வீராங்கனை ஒருவரைக் காண்போம். மணிப்பூர் மாநிலத்தைச் சேர்ந்த மீராபாய் சானு 2016-ஆம் ஆண்டில் ரியோ நகர ஒலிம்பிக் போட்டியில் கலந்துகொண்டார். அங்கே, இரண்டாம் பகுதியில் மூன்று முறை முயன்றும் எடையை முறைப்படி தூக்க இயலவில்லை. அவர் பெயர்க்கு நேரே மொத்த எடை பதியப்படவில்லை. அவர் மனம் தளரவில்லை. மறு ஆண்டிலேயே உலகச் சாம்பியன் ஆனார். 2018-ஆம் ஆண்டில் முதுகுநோவு அவரை ஆசிய விளையாட்டுப் போட்டியிலிருந்து விலகச் செய்தது. பின்னர்த் தோளும் அவரை வருத்தியது. எடையை ஒரே வீச்சில் தலைக்குமேல் தூக்கும் ‘ஸ்னாட்ச்’ முறையில் அவரால் முழு ஆற்றலையும் காட்ட இயலவில்லை.

2020-ஆம் ஆண்டில் அவர் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகருக்குச் சென்று, ஏரன் ஹார்ஷிக் என்னும் இயன்முறை மருத்துவரை அடைந்தார். தசைகளிடையே சமநிலை குறைந்திருப்பதே குறை என்று அங்கே அறிந்தனர். அதற்குரிய பயிற்சிகளை அவர் பொறுமையோடு மேற்கொண்டார். உலகின் முன்னணி வீராங்கனை ஒருவர், பெரும் எடையை ஒதுக்கி வைத்து, சிறு தசைகளைச் சீர்செய்யும் எளிய பயிற்சிகளில் நாள்களைச் செலவிட்டார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. 2021-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் தாஷ்கண்டு நகரில் நடந்த ஆசியப் போட்டியில் ‘கிளீன் அண்டு ஜெர்க்’ முறையில் 119 கிலோ தூக்கி, 49 கிலோ எடைப் பிரிவில் உலகச் சாதனை நிகழ்த்தினார். அவ்வாண்டு ஜூலைத் திங்களில் டோக்கியோ ஒலிம்பிக் போட்டியில் ஸ்னாட்ச் முறையில் 87 கிலோவும், மற்ற முறையில் 115 கிலோவும், ஆக 202 கிலோ தூக்கி வெள்ளிப் பதக்கம் பெற்றார். ஒலிம்பிக் பளுதூக்குதலில் இந்தியா பெற்ற முதல் வெள்ளிப் பதக்கம் அதுவே. நோவை மறைத்துப் போராடியதால் அன்று, நோவின் காரணத்தை நாடி அறிந்து திருத்தியதால் விளைந்த வெற்றி அஃது.

வருமுன் காத்தல்

வந்த நோவைத் தீர்ப்பதினும், அது வாராமல் காப்பது எளிது. அதற்குரிய நெறிகள் சிலவற்றைக் காண்போம்.

எடையைத் தொடுமுன் பத்து நிமிடம் உடலைச் சூடேற்றல் வேண்டும். மெல்ல ஓடுதலும், கைகளைச் சுழற்றுதலும், இலேசான எடையோடு பயிற்சியை ஒருமுறை செய்து பார்த்தலும் இதற்குப் போதும். நம் முன்னோர் பயின்ற கர்லாக்கட்டைச் சுழற்சி, இலேசான கட்டையைக் கொண்டு ஆசிரியர் காட்டும் முறையில் செய்யப்படுமாயின், தோளுக்கு நல்ல நெகிழ்ச்சியைத் தரும். கனமான கட்டையை முதல் நாளே எடுத்தல் கூடாது.

தள்ளும் பயிற்சி எவ்வளவோ அவ்வளவு இழுக்கும் பயிற்சியும் வேண்டும். மார்புக்கு ஒரு பங்கு என்றால் முதுகுக்கும் ஒரு பங்கு தருதல் முறை. சுழற்றுத் தசைகளுக்கென்று வாரத்தில் இரண்டு மூன்று நாள் சில நிமிடங்களை ஒதுக்குதல் நலம்.

படுத்து எடையைத் தள்ளும்போது தோள்பட்டைகளைப் பின்னே சேர்த்துப் பலகையில் ஊன்றி, முழங்கைகளை உடலிலிருந்து ஏறத்தாழ 45 பாகை அளவில் வைத்துக்கொள்ளல் வேண்டும். எடையை விரைவாக வீழ்த்தாமல், மெல்ல இறக்குதல் வேண்டும். துணைக்கு ஒருவர் அருகில் நிற்றல் இன்றியமையாதது.

எடையைச் சிறிது சிறிதாகவே கூட்டுதல் வேண்டும். பண்டைக் கிரேக்க நாட்டாரின் குரோட்டன் நகரத்து மல்லனாகிய மைலோ, நாள்தோறும் ஓர் இளங்கன்றைத் தூக்கிப் பழகி, அது வளர்ந்து காளையானபோதும் அதனைத் தூக்கினான் என்று ஒரு கதை உண்டு. கதை எவ்வாறாயினும் அதன் கருத்து உண்மையானது. கன்று ஒரே நாளில் காளையாவதில்லை. ஆதலின், தூக்குபவன் தோளும் அதனோடு வளர்வதற்குக் காலம் இருந்தது. வாரத்திற்குப் பத்தில் ஒரு பங்குக்கு மிகாமல் சுமையைக் கூட்டுவது, பயிற்சியாளர் பலர் கூறும் விதி. நோவினால் இடையில் நிறுத்தியவர், முன்பு தூக்கிய எடையில் பாதிக்கும் குறைவாகவே மீண்டும் தொடங்குதல் வேண்டும்.

ஒரே தசைக்கு அடுத்தடுத்த நாள்களில் கடும்பயிற்சி தரலாகாது. இடையில் இரண்டு நாளேனும் விடுதல் நன்று. இரவில் நன்றாக உறங்குதலும், பருப்பு, பயறு, பால், முட்டை, மீன் முதலிய தசை வளர்க்கும் உணவுகளைத் தக்கவாறு உண்ணுதலும் பயிற்சியின் பகுதிகளே.

வளரும் பருவத்து மாணவரும் எடைப்பயிற்சி செய்யலாம். அதனால் உயரம் குறையும் என்னும் அச்சத்திற்கு ஆதாரம் இல்லை. ஆனால், அப்பருவத்தில் எலும்புகளின் முனையில் வளர்ச்சிக்குரிய குருத்துப் பகுதிகள் இன்னும் முற்றாமல் இருக்கும். ஆதலால், பயின்ற ஆசிரியர் ஒருவரின் கண்காணிப்பில், இலேசான எடையோடு, முறையை முதலில் கற்றல் வேண்டும். தம்மால் எவ்வளவு பெரிய எடையைத் தூக்க இயலும் என்று நண்பரோடு பந்தயம் கட்டுதல் கூடவே கூடாது.

முடிவுரை

திருவள்ளுவர் தம் நூலில் ‘வலியறிதல்’ என்று ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். செயலில் இறங்குபவன் அச்செயலின் வலிமையையும் தன் வலிமையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்பது அதன் உட்பொருள். அது மன்னர்க்குக் கூறிய அறிவுரையாயினும், எடைத்தண்டின் முன்னே நிற்கும் இளைஞர்க்கும் பொருந்தும். தூக்கும் பொருளின் எடையை அதன்மேல் எழுதியிருப்பர்; தன் தோளின் அளவையோ ஒவ்வொருவரும் தாமே அறிதல் வேண்டும். கண்ணுக்குத் தெரியும் பெருந்தசைகளைப் போலவே கண்ணுக்குத் தெரியாத சிறு தசைகளையும் பேணுவோமாக. நோவு எழுந்தால் அதன் செய்தியைக் கேட்போமாக. அவ்வாறு நடப்பின், ‘தோள்வலி’ என்னும் சொல் நம்மிடத்தில் அதன் பழைய பொருளிலேயே நிலைபெறும்.

அருஞ்சொற்பொருள்

மல்லர் – மற்போர் செய்வோர்
காறையெலும்பு – கழுத்தின்கீழ் மார்பின் மேற்புறத்தில் குறுக்காக அமைந்த எலும்பு
தசைநாண் – தசையை எலும்போடு பிணைக்கும் கயிறு போன்ற பகுதி
இயன்முறை மருத்துவர் – உடற்பயிற்சி முதலிய முறைகளால் நோவைத் தீர்ப்பவர்
பாகை – கோணத்தின் அளவு

வினாக்கள்

1. ‘வலி’ என்னும் சொல்லின் இரு பொருள்களையும் வாக்கியங்களில் அமைத்து எழுதுக.
2. இடுப்பு மூட்டுக்கும் தோள் மூட்டுக்கும் உள்ள வேறுபாடுகள் யாவை?
3. எடைப்பயிற்சியில் ஈடுபடுவோர்க்குத் தோள்நோவு தோன்றும் காரணங்கள் நான்கினை விளக்குக.
4. எவ்வெவ் அடையாளங்களைக் கண்டால் உடனே மருத்துவரை நாடுதல் வேண்டும்?
5. ‘ஓய்வு என்பது அசையாமை அன்று’ – இக்கூற்றை விளக்குக.
6. மீராபாய் சானுவின் வரலாற்றிலிருந்து நீவிர் அறியும் உண்மை யாது?